நூற்றுக்கு நாற்பத்தொன்பது

தம் சரக்கு பூரணமானது என்று சொல்லி விற்பதே வியாபாரிகளின் வழக்கம். நான் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த தொழிலில் இந்த வழக்கம் தலைகீழாக நின்றது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், ஒரு சிறிய விமான நிலையத்தை ஒட்டிய தகரக் கொட்டகைகளில், கண்ணாடி நாராலும் ரெசினாலும் ஆகாய விமானத்தின் உறுப்புகளை வார்த்து, ‘கிட்’ என்ற பெயரில் பெட்டிகளில் அடுக்கி, வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்கு அனுப்பிவைத்த ஒரு கம்பெனியில் நான் உத்தியோகம் பார்த்தேன். அந்தச் சரக்கில் பாதிக்கு மேல் வேலை பாக்கி இருக்கிறது என்று சர்க்காருக்கு நிரூபணம் ஆனால்தான், அதை வாங்கியவர் அதில் பறப்பதற்கு அநுமதி பெற முடியும்.

அந்த நாட்டு விமானச் சட்டத்தின் 21.191-ஆம் பிரிவில், தம்முடைய கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் விமானம் கட்ட முற்பட்டவர்கள் அதன் பெரும்பகுதியைத் தாமே செய்து பூட்டியிருப்பார்களானால், அதற்குப் பரீட்சார்த்த விமானம் என்ற வகையில் பத்திரம் வழங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பெரும்பகுதி என்று சட்டம் சொன்னதை ஜனங்கள் 51 சதவீதம் என்று வழங்கினார்கள். ஆகவே கம்பெனிக்கு மிஞ்சியது 49. இந்தக் கணக்கு எடையைக் கொண்டோ மணிநேரத்தைக் கொண்டோ போடப்படுவதன்று. விமானம் கட்டுவதில் அடங்கிய காரியங்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய ஒரு ஜாபிதா உண்டு. ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரே, இது கம்பெனி செய்தது, இது வாடிக்கைக்காரர் செய்வது என்று அடையாளம் இடுவார்கள். உத்தியோகஸ்தர்கள் எங்கள் கிட்டைப் பரிசீலிக்க வரும் நாட்களில், நன்றாகச் செய்து முடித்த ஒரு உறுப்பைப் பார்த்து எங்கள் முதலாளி முகம் வாடுவதையும், செய்யாமல் விட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது அவர் குரலில் ஒரு கம்பீரம் ஏறுவதையும் பார்த்து நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

சிரித்தாலும், எங்கள் வித்தை முழுவதும் அந்த இடத்தில்தான் இருந்தது. வாங்குகிறவர் எப்போதும் இன்னும் கொஞ்சம் முடித்துக் கொடுங்கள் என்கிறார். சட்டம் இன்னும் கொஞ்சம் விட்டு வையுங்கள் என்கிறது. எந்த வேலையை நாமே செய்துவிடுவது, எதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஒப்படைப்பது என்று நிர்ணயிப்பதற்கு, இறக்கையின் வடிவத்தை நிர்ணயிப்பதற்கு வேண்டிய அளவு யோசனை வேண்டியிருந்தது. இறக்கையின் பாரத்தை எல்லாம் தாங்கும் ஸ்பார் என்னும் உத்தரத்தை நாங்கள் வாடிக்கைக்காரரிடம் விட்டதே இல்லை. அதில் நார் ஒரு திசையிலேயே நேராக ஓட வேண்டும், அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கக் கூடாது, கோணல் ஏற்பட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஒட்டுவது, பூட்டுவது, கம்பி இழுப்பது, எண்ணெய்க் குழாய் வளைப்பது, கண்ணாடிக் கூரையை அறுத்துப் பொருத்துவது ஆகியவற்றை அவருக்கு விட்டோம். இவற்றில் தவறு நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும் என்பது எங்கள் நியாயம். அந்த நியாயம் முழுவதும் சரியானதல்ல என்பதை ஒட்டும் வேலையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இந்தத் தொழில் பிறந்த கதையைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் போவது முறையல்ல. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பர்ட் ரூட்டன் என்ற மேதை 1975-இல் வாரி-ஈஸி என்ற சிறு விமானத்தையும், 1979-இல் அதன் தம்பியான லாங்-ஈஸியையும் பறக்கவிட்டார். அச்சு எதுவும் இல்லாமல், நீல நிற நுரைப் பலகையைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்து, அதன்மேல் கண்ணாடித் துணியை எபாக்சி என்ற ரெசினில் தோய்த்துப் போர்த்துவது அவருடைய முறை. அவர் விற்றது வரைபடங்களை மட்டுமே. பொருளை வேறு கடைகளில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிரத்தையும் ஒரு மோட்டார் கொட்டகையும் உள்ள எவரும் விமானம் கட்டலாம் என்ற நம்பிக்கையை ஜனங்களுக்கு ஊட்டியவர் அவர்தாம். 1985-இல் அவர் வரைபட விற்பனையை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் டிசம்பரில், அவர் வகுத்த வாயேஜர் என்ற விமானத்தில் அவருடைய தமையனார் டிக் ரூட்டனும் ஜீனா யேகர் என்ற பெண்மணியும் எங்கும் இறங்காமல், நடுவழியில் பெட்ரோலும் நிரப்பாமல், ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி வந்தார்கள்.

ரூட்டனுடைய முறையில் ஒரு குறை இருந்தது. துணி போர்த்திய மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைச் சமனாக்குவதற்கு, நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூளை எபாக்சியில் குழைத்துப் பூசி, உப்புத்தாள் கொண்டு மாதக்கணக்கில் தேய்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ஆர்லிங்டனில் டாம் ஹாமில்டன் என்பவர் கிளாஸேர் என்ற விமானத்தின் உடலையும் இறக்கையையும் அச்சில் வார்த்துக் கிட்டாக விற்கத் தொடங்கியபோது, தேய்க்கும் வேலையில் பெரும்பங்கு அச்சுக்குப் போயிற்று. அவரைத் தொடர்ந்து லான்ஸ் நைபாவர் லான்ஸேரைக் கொண்டுவந்தார். ஆணித்தலை இல்லாத வழவழப்பான மேனியின்மேல் காற்று குழம்பாமல் வழுக்கிச் செல்வதால், சாதாரணப் பயிற்சி விமானத்தை மணிக்கு 140 மைல் வேகத்தில் இழுக்கும் அதே 160 குதிரைச் சக்தி எஞ்சின், இவற்றை 200 மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. காலமும் அநுகூலமாக இருந்தது. 1978-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,000-க்கு மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்து விற்றன. பிறகு நஷ்டஈட்டு வழக்குகளும் மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. 1986-இல் செஸ்னா கம்பெனியே ஒற்றை எஞ்சின் பிஸ்டன் விமானங்களைச் செய்வதை நிறுத்திற்று. புது விமானம் வேண்டியவர்கள் எங்கள் கொட்டகைக் கதவைத் தட்டியதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் நான் அச்சுக் கொட்டகையில் இருந்தேன். விமான உடலின் இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று என்று படகு அளவில் அச்சுகள் கிடக்கும். உட்புறம் மெழுகு தேய்த்து, முகம் தெரியும்படி மெருகேற்றி, அளவுத் தாள் வைத்து வெட்டிய துணிகளை நம்பர் பிரகாரம் பக்கத்தில் அடுக்கிக்கொண்ட பிறகுதான் ரெசினைத் தொடுவோம். எங்களுடையது வினைல் எஸ்டர் ரெசின். அதில் முதலில் கோபால்ட் கலந்த ஊதாத் திரவம் ஒன்றைச் சேர்த்து நன்றாகக் கலக்கி, பிறகு எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடை அன்றைய உஷ்ணத்துக்கு ஏற்றபடி பிச்சாங்குழலால் அளந்து விட வேண்டும். இந்த இரண்டும் ரெசினுக்கு வெளியே ஒன்றோடொன்று நேரே சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஆதலால் இரண்டு புட்டிகளையும் கொட்டகையின் எதிரெதிர்க் கோடிகளில் வைத்திருந்தோம். பெராக்சைடு ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும் என்பதால், கண்ணாடி அணியாதவன் அந்தக் கோடிக்குப் போகக் கூடாது என்பது சட்டம்.

துணியை அச்சில் விரித்து ரெசினை ஊற்றியவுடன் ஒரு விந்தை நடக்கும். வெள்ளை வெளேரென்றிருந்த துணி, ரெசின் ஊற ஊறக் கண்ணாடியாகத் தெளிந்து, அடியிலுள்ள அச்சின் நிறத்தைக் காட்டும். எங்கே வெண்மை மிச்சம் இருக்கிறதோ அங்கே காற்றோ வறட்சியோ இருக்கிறது. எங்கே பளபளவென்று தேங்கி நிற்கிறதோ அங்கே வேண்டாத எடை இருக்கிறது. ரப்பர்த் தகட்டைச் சாய்த்துப் பிடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே அழுத்தமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அழுத்தம் மிகுந்தால் துணி வறண்டு வெளுக்கும், குறைந்தால் குளம் கட்டும். முதல் தோலின்மேல் பி.வி.சி. நுரைப் பலகை, அதன்மேல் மறு தோல், எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டுக் காற்றை உறிஞ்சினால், வாயுமண்டலமே எல்லா இடத்திலும் சமமாக அழுத்திக் கொடுக்கும். ரூட்டனுடைய நீல நுரையை நாங்கள் உபயோகிக்க முடியாது. எங்கள் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். ரெசின் இறுகத் தொடங்கும் தருணம் ஒன்று உண்டு, பாகு பதம் தப்புவதைப் போல. அதற்குப் பிறகு துணியைத் தொடுகிறவன் கெடுப்பவன். அந்தப் பதத்தைக் கடிகாரத்தைப் பார்த்தும் சொல்லலாம். ஆனால் நல்ல வேலைக்காரர்கள் கிண்ணத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சொன்னார்கள்.

பிறகு என்னை டெலிபோன் மேஜைக்கு மாற்றினார்கள். இது பதவி உயர்வா தண்டனையா என்பதை நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் நாட்டின் பல மூலைகளில், பகலில் தங்கள் உத்தியோகத்தைப் பார்த்துவிட்டு இரவிலும் சனி ஞாயிறுகளிலும் விமானம் கட்டினார்கள். ஆகையால் திங்கட்கிழமை காலையில் மணி ஓயாது. பலருக்கு வேண்டியிருந்தது தகவல் அல்ல, தைரியம். விமானிகளும் பல் வைத்தியர்களும் பள்ளி ஆசிரியர்களும் விவசாயிகளும் இருந்த அந்தக் கூட்டத்தில், தத்தம் தொழிலில் தயக்கமே அறியாதவர்கள்கூட, விமான உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டப்போகிற தினத்தில் குழந்தைகளைப் போல் என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்கள்.

அவர்கள் பயம் நியாயமானதே. இறுகிவிட்ட பகுதியின்மேல் புதிதாக ஒட்டப்படும் துணி, ரசாயன பந்தத்தால் அதோடு ஒன்றாகிவிடுவதில்லை. பெரும்பாலும் மேற்பரப்பின் கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஆதலால் ஒட்டும் இடத்தின் மினுமினுப்பு முழுவதும் போகும்வரை தேய்த்தாக வேண்டும். தேய்த்த பிறகு விரல் படக் கூடாது, ஏனெனில் விரலின் எண்ணெய்ப் பசையே போதும். இதில் விசேஷமான அபாயம் என்னவென்றால், தேய்க்காமல் ஒட்டியதும் தேய்த்து ஒட்டியதும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். வாடிக்கைக்காரர் செய்யும் தவறு கண்ணுக்குத் தெரியும் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட நியாயம் இங்கேதான் உடைந்தது. அதற்குப் பரிகாரமாகக் கைப்புத்தகத்தில் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பல பக்கங்கள் எழுதினோம். ஒட்டுவதற்கு முன்னால் துண்டுப் பலகையில் ஒட்டிப் பார்த்து, மறுநாள் உளியால் பிளந்து, ஒட்டு விடுகிறதா துணி கிழிகிறதா என்று சோதிக்கச் சொன்னோம். துணி கிழிந்தால் ஒட்டு நல்லது. வால் பக்கத்துக் குறுகிய கூட்டுக்குள் படுத்தபடியே ஊர்ந்துபோய் உட்புறம் துணிப்பட்டை ஒட்ட வேண்டியிருந்ததால், ஸ்தூல சரீரமுடைய சில தகப்பனார்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார்கள். தேய்த்தாயா என்று பிள்ளையைக் கேட்டுக்கொண்டு நம்பிவிடாதீர்கள், விளக்கைப் பிடித்துப் பாருங்கள் என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்வேன்.

அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு எங்களிடம் இருந்த சிறந்த உபகரணம் ஒரு நாணயம். அதன் விளிம்பால் மேற்பரப்பை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நன்றாக ஒட்டிய இடத்தில் கணீரென்றும், உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் பொத்தென்றும் ஓசை வரும். மேற்கு வயோமிங்கில் ஒரு பல் வைத்தியர், தமக்குக் காது மந்தம் என்று சொல்லி, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் டெலிபோனை இறக்கையின்மேல் வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து கணீர், கணீர் என்று வந்துகொண்டிருந்த சப்தம் ஓரிடத்தில் மங்கி, நாலைந்து தட்டலுக்குப் பிறகு தெளிந்தது. “ஐயா, இப்போது தட்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்” என்றேன். “என் மனைவியும் அங்கேதான் சொன்னாள், நான்தான் நம்பவில்லை” என்றார். வட்டம் கட்டைவிரல் அகலமே இருந்தது, அதுவும் விளிம்பை விட்டு விலகி இருந்தது. துளையிட்டு ரெசினைச் செலுத்தினால் போதும் என்று சொன்னேன். ஸ்பாரின்மேல் அமைந்திருந்தால் அவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டேன்.

இவர்கள் செய்த பிழைகளில் அதிகமானது அலட்சியத்தால் வந்ததல்ல, அதிக ஜாக்கிரதையால் வந்தது. வரைபடத்தில் இரண்டு அடுக்கு என்று இருந்தால், தம் மனைவி மக்கள் ஏறப்போகிற விமானமாயிற்றே என்று மூன்றாவது ஒன்றையும் போட்டுவிடுவார்கள். ஓர் இடத்தில் போட்டால் பாதகம் இல்லை. எல்லா இடத்திலும் போட்டால், கடைசியில் தராசில் ஏற்றும்போது ஒரு பிரயாணியின் எடை கூடிவிட்டிருக்கும். மற்றொரு வம்பு வர்ணம். அறையின் உஷ்ணத்திலேயே இறுகிய ரெசின், வெயிலில் ஓரளவுக்கு மேல் சூடேறினால் இளக ஆரம்பிக்கும். எனவே மேற்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தோம். கருநீலத்தில் வேண்டும், சிவப்பில் வேண்டும் என்று எவ்வளவோ மன்றாடினவர்களில் பெரும்பாலோர், கட்டி முடிப்பதற்கு முன்பே வர்ணத்தைத் தீர்மானித்துவிட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

பணத்தின் சங்கதி அருவருப்பானது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். கிட் வியாபாரத்தில் வாங்குகிறவர் முன்பணம் கட்டுகிறார். பொருள் பின்னால் போகிறது. எங்களுக்கு முந்திய காலத்தில் ஜிம் பீட் என்பவர் பி.டி-5 என்ற அழகான உலோக விமானத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கினார், அதற்கு எஞ்சின் செய்துவந்த ஜெர்மன் கம்பெனி திவாலாயிற்று, எஞ்சின் வரவில்லை, 1970களின் இறுதிக்குள் அவருடைய கம்பெனியும் முழுகிற்று. அந்த நிழல் எங்கள் எல்லோர்மேலும் விழுந்திருந்தது. எங்கள் பெட்டிகளிலும், பின்னர் அனுப்பப்படும் என்று முத்திரையிட்ட சீட்டு ஒன்று இருக்கும். சக்கரக் கால் செய்கிறவன் தாமதித்தால், கண்ணாடிக் கூரை ஊதுகிறவன் விலை ஏற்றினால், சீட்டு நீளும். பழைய சீட்டை இன்று கட்டியவருடைய முன்பணத்தால் தீர்ப்பது என்ற பழக்கம் ஒரு நாள் எங்கள் காரியாலயத்திலும் நுழைந்தது. கணக்கர் எச்சரித்தார்; ஜூலைக் கடைசியில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஓஷ்காஷில் கூடும் பரீட்சார்த்த விமானக்காரர்களின் திருவிழாவில் விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று முதலாளி சொன்னார். அவர் நல்ல மனுஷர், யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவரல்லர். ஆனால் ஒவ்வொரு ஓஷ்காஷும் அதற்கு முந்திய ஓஷ்காஷின் கடனைத் தீர்ப்பதற்கே ஆயிற்று. கடைசியில் கம்பெனி மூடப்பட்டபோது, வாடிக்கைக்காரர்கள் கேட்டது பணத்தையல்ல, பாக்கி உறுப்புகளை. அச்சுகளை வேறொருவர் ஏலத்தில் எடுத்து, அவர்களில் பலருடைய சீட்டைத் தமக்கு நஷ்டம் ஏற்பட்டபோதும் தீர்த்துவைத்தார்.

எங்கள் வகையறாவிலிருந்து உயர்ந்து போனவர்களும் உண்டு. விஸ்கான்ஸினில் ஒரு கொட்டகையில் வி.கே-30 என்ற கிட்டுடன் தொடங்கிய கிளாப்மையர் சகோதரர்களின் ஸைரஸ் கம்பெனி, 1998-இல் தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்ட எஸ்.ஆர்-20 விமானத்துக்கு சர்க்கார் அங்கீகாரம் பெற்றது. விமானத்தையே இறக்கிவிடும் பெரிய பாராசூட் ஒன்றை அதில் வைத்திருந்தார்கள். அவர்கள் எங்கள் ஜாதியை விட்டுப் போய்விட்டார்கள் என்று சிலர் பொறாமைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டி முடித்தவர்களுடைய விமானத்தைச் சர்க்கார் பரிசோதகர் வந்து பார்ப்பார். ஏறும் வழியருகே பரீட்சார்த்தம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இரண்டு அங்குல எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் இருந்தால் 25 மணி, இல்லாவிட்டால் 40 மணி, குறிப்பிட்ட எல்லைக்குள் பிரயாணி இல்லாமல் பறந்து காட்டிய பின்னரே பிறரை ஏற்றலாம் என்பது எங்கள் காலத்து முறை. கட்டியவர் மனுச் செய்தால், வருஷா வருஷம் தம் விமானத்தைத் தாமே பரிசோதித்துக் கையெழுத்திடும் உரிமைப் பத்திரமும் அவருக்குக் கிடைக்கும். பரிசோதகர் கேட்கும் முதல் வஸ்து பெரும்பாலும் விமானம் அல்ல. கட்டிய நாட்குறிப்பும் புகைப்படங்களுமே.

கட்டத் தொடங்கியவர்களில் பலர் முடிக்கவில்லை. வேலை மாற்றம், விவாகரத்து, நோய், மரணம் என்று காரணங்கள் வரும், கிட் கைமாறும். இப்போதும் பழைய அறிமுகத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது எனக்குக் கடிதம் எழுதி, பாதி முடிந்த கிட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதலில் நாட்குறிப்பைக் கேளுங்கள் என்று எழுதுகிறேன். முன்பு கட்டியவரும் சொந்தப் பொழுதுபோக்குக்காகக் கட்டியவர்தான் என்று அதனால் நிரூபணமானால், அவர் செய்த வேலையும் 51-இல் சேரும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருந்தால் சேராது. நாட்குறிப்பே இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். அடுத்தபடியாக, டப்பாவில் மிச்சம் இருக்கும் ரெசினின் தேதியைப் பார்த்து, அது எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் குப்பையில் போடச் சொல்கிறேன். ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு போய் இறக்கை முழுவதும் தட்டச் சொல்கிறேன். ஒட்டிய இடங்களில் ஒன்றையாவது, விற்பவர் சம்மதித்தால், ஓரமாக உளியால் பிளந்து பார்க்கச் சொல்கிறேன். சம்மதிக்காதவரிடமிருந்து வாங்கவேண்டாம் என்றும், பின்னர் அனுப்பப்படும் என்ற சீட்டு பெட்டியில் இருந்தால் அதிலுள்ள உறுப்புகளின் விலையைக் கழித்துப் பேசும்படியும் சேர்த்து எழுதுகிறேன்.